செல்லோவின் முனையும் மெழுகம்மாவின் தரையும்

என் மாமியார் என்னை முதன்முதலில் பார்த்தபோது முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். அவருடைய மகளைக் கட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேட்கப் போயிருந்தேன். "வீட்டுக்குப் போனா அம்மா உன்னைப் பேசவே விடமாட்டாங்க. சர்ச்சுக்கே போய்ப் பேசிடு, அங்கதான் நல்ல மூடுல இருப்பாங்க" என்று சொல்லி அனுப்பியவள் என் வருங்கால மனைவி. அதை நம்பிப் போனவன், வாசலைத் தாண்டி ஒரு கால்தான் வைத்திருப்பேன்.

"அங்கேயே நில்லுங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. குரலுக்குப் பின்னாலேயே பழைய கம்பளித் துண்டுகள் இரண்டு வழுக்கிக்கொண்டு வந்து என் காலடியில் நின்றன. "காலுக்கு ஒண்ணு. ஏறி நில்லுங்க. காலைத் தூக்கக் கூடாது. அப்படியே தேய்ச்சுக்கிட்டே வாங்க."

தேய்த்துக்கொண்டே போனேன். பாதி வழியில் என் பெயரையும், பேருந்து ஓட்டுகிறேன் என்பதையும் சொன்னேன். பீடத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்வதற்குள் வந்த விஷயத்தையும் சொல்லி முடித்துவிட்டேன். அவர் நான் வந்த வழியைக் குனிந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார். "வலது கால்ல அழுத்தம் போதல. போகும்போது சரி பண்ணிடுங்க" என்றார். அதுதான் சம்மதம் என்று என் மனைவி பிறகு விளக்கிச் சொன்னாள்.

எங்கள் தேவாலயம் ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, வயல்களுக்கு நடுவே நிற்கிறது. மழை என்றால் சேறு, வெயில் என்றால் புழுதி. இரண்டையும் காலில் அப்பிக்கொண்டுதான் சனங்கள் ஜெபிக்க வருவார்கள். உள்ளே தரை முழுக்க மரப்பலகை. பீடத்துக்கு முன்னால் ஒரு படி உயரத்தில் மரமேடை, அதன் அடியில் வெறும் இடம். சாவி, மணி, மெழுகுதிரி, பெருக்குவது, துடைப்பது எல்லாம் என் மாமியாரின் வேலை. தரைக்கு மெழுகு போட்டுத் தேய்ப்பது மட்டும் யாரும் கேட்காமல் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டது. மெழுகை உருக்கி, எண்ணெய் கலந்து, பழந்துணியால் பூசி, காய விட்டு, மறுபடி தேய்ப்பார். ஊரில் அவருக்கு மெழுகம்மா என்றுதான் பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

கால் துண்டு அவருடைய கண்டுபிடிப்பு. வாசலில் ஒரு மரப்பெட்டி நிறைய கம்பளித் துண்டுகள். வருகிறவர் இரண்டை எடுத்துக் கீழே போட்டு, ஏறி நின்று, சறுக்கிக்கொண்டே தன் பெஞ்சுக்குப் போகவேண்டும். திரும்பி வரும்போதும் அப்படியே. என் மாமனார் தையற்காரர். துண்டுகளுக்கு ஓரம் அடித்துக் கொடுப்பதோடு தன் பக்தி முடிந்துவிட்டது என்று நினைப்பவர். கல்யாண மாப்பிள்ளையும் பெண்ணும் சறுக்கிக்கொண்டேதான் பீடத்துக்கு வருவார்கள். சவப்பெட்டி தூக்கி வருகிறவர்களுக்கும் விதிவிலக்கு கிடையாது. ஊரே ஒவ்வொரு ஞாயிறும் தனக்கே தெரியாமல் தரை துடைத்துவிட்டுப் போனது. அந்தத் தரையில் கூரையின் உத்தரங்கள் தலைகீழாகத் தெரியும்.

இதைப் பார்த்து வயிறு எரிந்த ஒரே ஆள் என் சின்ன மாமியார்.

அவர் மாமியாரின் தங்கை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே தேவாலயக் குழுவுக்குத் தலைவியாகிவிட்டார். அவர் பேசினால் ஆறாம் வகுப்பில் அவரிடம் அடி வாங்கிய தாத்தாமார்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் மேடையின் நட்ட நடுவில் வந்து நின்று அறிவிப்பு வாசிப்பார். யார் வீட்டில் கல்யாணம், எந்தக் குழாயில் தண்ணீர் வராது, யார் பிள்ளை சுவரில் கிறுக்கினான் என்று எல்லாம் வரும். சாதாரண அறிவிப்பையே தேர்வு முடிவு மாதிரி வாசிப்பார். அந்த நேரம் முழுக்க என் மாமியார் வாசலில் நின்றுகொண்டு, தேவையே இல்லாமல் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டிருப்பார்.

இருவருக்கும் நடுவில் சண்டை என்று ஒன்றும் கிடையாது. சின்ன வயதில் அவர்கள் அம்மா படுத்த படுக்கையானபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் பள்ளிக்கூடத்தை விட வேண்டியிருந்தது. மூத்தவர் விட்டார், இளையவர் படித்தார். என் மாமியார் ஊரில் உள்ள எல்லாவற்றையும் பற்றிக் குறை சொல்வார், இதைப் பற்றி மட்டும் வாயைத் திறந்ததில்லை. ஒரே ஒரு தடவை, துண்டுகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அவ வாயைத் திறந்தா ஊரே கேக்குது மாப்பிள்ளை. நான் சொன்னா வீட்டுல பூனைகூடக் கேக்காது. ஆனா இங்க பாருங்க, ஊரு மொத்தமும் என் பேச்சைக் காலால கேக்குது." சொல்லிவிட்டு, துண்டை உதறி என் முகத்தில் தண்ணீர் தெறிக்க விட்டார்.

வம்பு ஆரம்பித்தது புதுப் பாதிரியாரால். மனுஷன் வந்த முதல் வாரம், கால் துண்டை ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டார். புதுத் தோல் செருப்போடு கம்பீரமாக உள்ளே நடந்தார். பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. நடையில் வேகம் தானாகவே கூடியது. மேடைப் படியில் இடறி, இரு கைகளையும் விரித்துக்கொண்டு பீடத்தைத் தாண்டிப் போய், பின்சுவரில் முட்டி நின்றார். பின்வரிசையில் இருந்தவர்கள் அதைப் புதுவிதமான ஆசீர்வாதம் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பாதிரியார் நல்லவர், தானும் சிரித்துவிட்டார். சின்ன மாமியார் சிரிக்கவில்லை.

"ஃபாதரே விழுந்துட்டார். இனி யாரு விழணும்? தரை முழுக்கக் கம்பளம் போட்டுடலாம்" என்று குழுவில் சொன்னார். சொன்ன கையோடு கடையிலிருந்து மெரூன் நிறத்தில், விரல் கனத்தில் ஒரு பெரிய சுருளை வரவழைத்துப் பக்க அறையில் வைத்துவிட்டார். பிடித்தால் விரிக்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது கடைக்காரரோடு பேச்சு. கச்சேரி முடிந்த மறுவாரம் குழு கூடி முடிவு செய்யும்.

கச்சேரி என்ன என்று சொல்ல மறந்துவிட்டேன். அதுவும் சின்ன மாமியார் ஏற்பாடுதான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், கிராமத்துத் தேவாலயங்களாகப் பார்த்துப் போய் வாசிக்கிறார்களாம். அவர் கிதார், அந்த அம்மா செல்லோ. வயலினுக்குப் பெரிய அண்ணன் மாதிரி, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் அந்தக் கருவியை எங்கள் ஊரில் யாரும் நேரில் பார்த்ததில்லை. சாஸ்திரிய சங்கீதம், யாரும் நடுவில் கைதட்டக் கூடாது, இருமல் உள்ளவர்கள் மிட்டாயோடு வரவும் என்று சின்ன மாமியார் அறிவிப்பு வாசித்தார்.

என் மாமியாருக்கு சாஸ்திரிய சங்கீதம் எந்தப் பக்கம் போனாலும் கவலையில்லை. அவர் மனதில் ஓடியது வேறு. வெளியூர்க்காரர்கள் வரப்போகிறார்கள். அவர்கள் உள்ளே நுழைந்து, ஊரார் முன்னிலையில் 'ஆகா, என்ன தரை!' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அதற்கு மேல் எந்தக் குழுவும் அதைக் கம்பளத்தால் மூட முடியாது. சொல்லாவிட்டால் அவருடைய தரை அடுத்த வாரமே மெரூன் நிறத்துக்கு அடியில் போய்விடும். அவரும் வெறும் பெருக்குகிற அம்மாவாகிவிடுவார். இது அவருக்குப் பெரிய கவலை. எனக்கும்தான், ஏனென்றால் தேய்ப்பதற்கு அகப்பட்டவன் நான்.

பேருந்து ஓட்டி முடித்து வந்ததும் அந்தக் கனத்த தேய்ப்புக் கட்டையைக் கையில் கொடுத்துவிடுவார். "கையால தேய்க்காதீங்க மாப்பிள்ளை, இடுப்பால தேய்ங்க. பஸ்ஸு ஓட்டி ஓட்டி இடுப்பே இல்லாமப் போச்சு உங்களுக்கு" என்பார். என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு, அம்மா சொல்வது சரிதான் என்பாள்.

கச்சேரியன்று மதியம் அவர்கள் வந்தார்கள். கால் துண்டைக் கொடுத்ததும் இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி குதூகலமாகிவிட்டார்கள். கிதார்க்காரர் ஒரு சுற்று கூடுதலாகவே சறுக்கினார். மாமியார் முகத்தில் வெளிச்சம் வந்தது. 'ஆகா' இதோ வந்துவிடும் என்று நானும் காத்திருந்தேன். அப்போதுதான் செல்லோக்கார அம்மா மேடையில் உட்கார்ந்து, கருவியின் அடிப்பாகத்தில் ஒரு திருகைத் திருகி, முழ நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பியை வெளியே இழுத்தார். முனை ஊசி மாதிரி இருந்தது.

"அது என்னம்மா?" என்றார் மாமியார்.

"இதைத் தரையில ஊன்றித்தான் வாசிக்கணும்மா."

"எந்தத் தரையில?"

என் மாமியார் அவ்வளவு சாந்தமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆபத்து என்று தெரிந்து அங்கே ஓடினேன். நல்லவேளை, அந்த அம்மாவிடம் முனைக்கு மாட்டுகிற ரப்பர்க் குமிழ் ஒன்று இருந்தது. அதை மாட்டி ஊன்றிக் கொஞ்சம் வாசித்துப் பார்த்தார். நன்றாகவே நின்றது. மேடையிலிருந்து ஒரு கனத்த நாதம் எழுந்து தேவாலயம் முழுக்கப் பரவியது. "இந்த மேடை பாடுதே!" என்றார் கிதார்க்காரரிடம். என் மாமியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கண் முழுக்க ரப்பர்க் குமிழ் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவர்கள் டீ குடிக்கப் பாதிரியார் வீட்டுக்குப் போனதும் மாமியார் மேடையில் மண்டியிட்டார். நாற்காலிக் கால்களின் தடமும் குமிழின் வட்டமும் மெழுகில் லேசாகப் பதிந்திருந்தனவாம். நான் உற்றுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

"கட்டையை எடுங்க மாப்பிள்ளை."

"அத்தை, வேணாம். இப்பத்தான் அவங்க உட்கார்ந்து பார்த்து, எல்லாம் சரியா இருக்குன்னு போனாங்க."

"வட்டம் வட்டமாத் தெரியுது. இதைப் பார்த்துட்டா அவங்க தரையைப் பத்தி நல்லவிதமாச் சொல்லுவாங்க? எடுங்கன்னா."

எடுத்தேன். ஒரு பூச்சு மெழுகு, அதன்மேல் ஒரு தேய்ப்பு. அது போதாதென்று கம்பளியால் இன்னொரு தேய்ப்பு. மேடையில் என் முகம் தெரிந்தது, வியர்த்துக் கொட்டியிருந்தது.

சாயங்கால வெளிச்சம் சாளரங்களில் இருக்கும்போதே கூட்டம் வந்துவிட்டது. ஊரே நல்ல உடை உடுத்திக்கொண்டு, வாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, வரிசையாகச் சறுக்கிக்கொண்டு வந்து அமர்ந்தது. சின்ன மாமியார் மேடை நடுவில் நின்று வரவேற்புரை ஆற்றினார். வாசலில் சாவிக்கொத்து குலுங்கியது. கலைஞர்கள் வந்து வணங்கி உட்கார்ந்தார்கள்.

கிதார் முதலில் தொடங்கியது. மெல்ல, ஒவ்வொரு சுரமாக. பிறகு செல்லோ சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரம் எல்லாம் சுகமாகப் போயிற்று. பிறகு அந்த அம்மா முழங்கால்களால் கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதைப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி இழுத்தார். ரப்பர்க் குமிழ் அங்குலம் அங்குலமாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் மாமியார் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கிதார்க்காரர் கதை இன்னும் மோசம். அவர் இடது காலை ஒரு சின்ன மணைமேல் வைத்துத்தான் வாசிப்பார். அந்த மணைக்கும் கால் முளைத்துவிட்டது. அது முன்னால் போகப் போக அவருடைய காலும் கூடவே போனது. மனுஷன் முகத்தில் பக்தி குறையாமல், விரல் ஒரு சுரம் தப்பாமல், மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போனார். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. யாரோ மிட்டாயை விழுங்கிவிட்டு இருமினார்கள்.

பாட்டு உரக்க எழும் இடம் வந்தது. அந்த அம்மா வில்லை அழுத்தி இழுத்தார். அவ்வளவுதான், செல்லோ அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டது. அவர் பாய்ந்து அதன் கழுத்தைப் பிடித்தார். கிதார்க்காரர் உதவிக்கு எழுந்தார். எழுவதற்கு அவர் கால் அவரிடம் இல்லை. நாற்காலியோடு சரிந்து, கிதாரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தார். கிதாருக்கு ஒன்றுமில்லை. தேவாலயம் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்துவிட்டன. பாதிரியார்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார், துணை கிடைத்த சந்தோஷம்.

சின்ன மாமியார் எழுந்தார். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அதோடு, மறைக்க முயன்றும் முடியாத ஒரு சந்தோஷமும் இருந்தது. "இதைத்தான் நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார் ஊரைப் பார்த்து. அக்காவைப் பார்க்கவில்லை. நாலு ஆட்களைக் கூப்பிட்டுப் பக்க அறையிலிருந்து கம்பளச் சுருளைக் கொண்டுவரச் செய்தார். அது மேடை முழுக்க விரிந்தது. என் மாமியார் மடியில் இருந்த சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு முதன்முறையாக எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மெழுகு போட்டது நான்தான் என்று எழுந்து சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் என் மனைவி என் தொடையைக் கிள்ளி உட்கார வைத்தாள்.

கம்பளத்தின்மேல் நாற்காலி நின்றது, மணை நின்றது, செல்லோவும் சமர்த்தாக நின்றது. வாசித்தார்கள். எனக்கு இசை தெரியாது. இருந்தாலும், போர்வைக்குள் வாயை வைத்துக்கொண்டு யாரோ பேசுவது மாதிரி இருந்தது என்பது எனக்கே தெரிந்தது. சனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா கொஞ்ச தூரம் போய் வில்லை நிறுத்திவிட்டார்.

"மன்னிச்சுக்கணும்" என்றார். "மதியம் இந்த மேடை என்கூடச் சேர்ந்து பாடுச்சு. இப்ப கம்பளம் அதோட வாயைப் பொத்திடுச்சு. வெறும் பலகைமேலதான் வாசிக்கணும்னு ஆசையா இருக்கு. ஆனா மெழுகுல ரப்பர் நிக்காது. அதைக் கழட்டிட்டு முனையைப் பலகைக்குள்ள ஊன்றினா நிக்கும். ஒரு சின்ன ஓட்டை விழும். நீங்க அனுமதி கொடுத்தா..."

கேட்டது பாதிரியாரிடம். பாதிரியார் சின்ன மாமியாரைப் பார்த்தார். சின்ன மாமியார் குழுவைப் பார்த்தார். குழு மொத்தமும் திரும்பி என் மாமியாரைப் பார்த்தது. பிறகு ஊரே பார்த்தது. அந்தத் தரையில் ஒரு ஊக்கு விழுந்தால்கூட எங்கே விழுந்தது என்று கேட்பவரிடம், ஓட்டை போடலாமா என்று எந்த வாயால் கேட்பது?

மாமியார் எழுந்தார். கால் துண்டுகளை மிதித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், சறுக்கிச் சறுக்கி மேடைக்குப் போனார். "முதல்ல இதைச் சுருட்டுங்க" என்றார். நாலு ஆட்கள் சின்ன மாமியாரின் முகத்தைப் பார்க்காமலேயே சுருட்டினார்கள். பிறகு அவர் மண்டியிட்டு, பலகைகளை உள்ளங்கையால் தடவினார். ஓர் இடத்தில் விரல் முட்டியால் தட்டினார், காதைச் சாய்த்தார், இல்லை என்று தலையசைத்தார். கொஞ்சம் தள்ளித் தட்டினார். இன்னும் கொஞ்சம் தள்ளி. மரத்தோடு பேசுகிறார் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நானும்தான்.

"இந்த இடம்" என்றார் கடைசியில். "நாற்காலியை இந்தப் பக்கம் போடுங்க மாப்பிள்ளை."

அந்த அம்மா ரப்பரைக் கழற்றி, முனையை அங்கே வைத்தார். அவருக்கே கை வரவில்லை, பூ மாதிரி வைத்தார். "இப்படி வச்சா நிக்குமாம்மா?" என்று மாமியார் கம்பியைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, உடம்பைச் சாய்த்து ஓர் அழுத்து அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம். ஊர் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டது. கண்ணைத் திறந்து பார்த்தபோது அவர் எழுந்து நின்று புடவையைத் தட்டிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது; கேட்டிருந்தால் மெழுகு வாசனை என்று சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் வாசித்ததை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிதார் சொட்டுச் சொட்டாக விழுந்தது. செல்லோவின் நாதம் அந்த முனை வழியாக மேடைக்குள் இறங்கி, தரைக்குள் பரவி, பெஞ்சுக்கு அடியில் வந்து என் பாதத்தைத் தொட்டது. எல்லோரையும் தொட்டிருக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் மெதுவாகக் குனிந்து தன் செருப்பைக் கழற்றினார். கால் துண்டை ஒதுக்கினார். வெறுங்காலைப் பலகைமேல் வைத்தார். அடுத்தவர் பார்த்தார், தானும் ஒதுக்கினார். வரிசை வரிசையாகத் துண்டுகள் ஓரத்துக்குப் போயின. இத்தனை காலத்தில் நடக்காத மீறல். என் மாமியார் எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் துண்டுகளையும் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, பாதம் இரண்டையும் தரையில் பதித்துக்கொண்டார். எதிர்ப்பக்க முதல் பெஞ்சில், சின்ன மாமியார் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஒரு காலை மட்டும் வெளியே எடுத்தார்.

முடிந்ததும் அந்த அம்மா எழுந்து நின்று, அடுத்த வருஷமும் இங்கேயே வர விரும்புகிறோம், இந்தத் தரை இப்படியே இருந்தால், என்று சொன்னார். கம்பளம் திங்கட்கிழமையே கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. குழு கூடி முடிவு செய்ய ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் என் மாமியாரைப் பெரிய மனுஷி என்று சொல்லி நானும் முடித்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு, ஒரு பெரிய மண் தொட்டியை, செடியோடு, மேடைக்குத் தூக்கி வரச் சொன்னார். "ஓட்டைமேல யாராவது மிதிச்சா பெருசாயிடும் மாப்பிள்ளை. மூடி வைக்கணும்." தொட்டியை வைத்தேன். பூசை முடிந்தது. சின்ன மாமியார் காகிதத்தோடு அறிவிப்பு வாசிக்க எழுந்து வந்தார். மேடையின் நட்ட நடுவில், அவர் எப்போதும் நிற்கிற இடத்தில், செழிப்பாக ஒரு செடி நின்றுகொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மரத்தோடு பேசிப் பேசி அத்தை தேடிக்கொண்டிருந்தது இந்த இடத்தைத்தான்.

ஊருக்கும் உறைத்துவிட்டது. சின்ன மாமியார் தொட்டியைப் பார்த்தார். காலால் ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம், குழுத் தலைவி, யார் கேட்பது? அவர் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். வாசலில் அக்கா, உலகத்தில் ஒன்றுமே அறியாத முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சின்ன மாமியார், "சரிக்கா" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, நகர்ந்து நகர்ந்து, செடி அடைத்ததுபோக மிச்சம் இருந்த ஒரே இடமான மேடையோரத் தூணுக்குப் பின்னால் போய் நின்று வாசிக்க ஆரம்பித்தார். குரல் வந்தது, ஆள் தெரியவில்லை.

நான் மாமியார் பக்கத்தில் போய் நின்றேன். சாவிக்கொத்து குலுங்கவில்லை. கல்யாணம், குழாய்த் தண்ணீர், சுவரில் கிறுக்கிய பிள்ளை எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டார்.

"ஏன் அத்தை, பலகை அந்த இடத்துலதான் கெட்டியா இருந்துச்சா?" என்றேன்.

"பின்னே? தட்டிப் பார்த்துத்தானே சொன்னேன்" என்றார். தூண் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் வாசிக்கிறா. சின்னதுலயே அப்படித்தான். நான் சமைக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து, பாடத்தையெல்லாம் எனக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுவா." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பாவம், முகமே தெரியல. அடுத்த வாரம் தொட்டியை எடுத்து ஓரமா வச்சிடுங்க மாப்பிள்ளை."

"அப்ப ஓட்டை தெரியுமே அத்தை?"

"தெரிஞ்சா தெரியட்டும்" என்றார்.